நாலு மில்லிமீற்றரில் நிற்பது

நல்லூரில் கொடியேறி மூன்றாம் நாள். பெரியம்மா வீட்டுக் கேற்றைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். விறாந்தைச் சீமெந்துத் தரையில் அக்கா குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர், வயது நாற்பத்துநாலு. காலில் வெள்ளைத் தோல் பூட்ஸ், கணுக்காலுக்கு மேலே நாலு விரல்கடை உயரம். அதன் அடியில் நீளமான உருக்கு பிளேட், பிளேட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.

"உது என்ன பிள்ளை, காலிலை கத்தியைக் கட்டிக்கொண்டு திரியிறாய்?" என்றார் பெரியம்மா.

"கத்தியில்லை அம்மா, ஸ்கேற்றிங் சப்பாத்து. புதுசு. வீட்டுக்குள்ளை போட்டு நடந்து கொஞ்சம் இளக்கவேணும்."

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு சோடி இருந்ததாம். மகளை ஐஸ் ஸ்கேற்றிங் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கில் குந்தியிருந்து அலுத்துப்போய், நாற்பத்திரண்டு வயதில் தானும் இறங்கியிருக்கிறார். ஒரு பெரிய கடையில் மலிவாகக் கிடைத்த, மெத்தென்ற ஒரு சோடியை வாங்கினார். வழமையாகப் போடுகிற சப்பாத்தின் அளவைச் சொல்லி, தடித்த சொக்ஸுக்கும் இடம் வேண்டுமே என்று அதைவிட ஒரு அளவு கூட்டியும் எடுத்தார். ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு காலும் உள்பக்கமாக மடிந்தபடியே போயின. விழுந்து மணிக்கட்டு வீங்கியது ஒருநாள். கடைசியில், "எனக்குக் கணுக்கால் பலமில்லை, தம்பி" என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். ஐஸ் தரையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. என்றாலும் அந்தக் கணுக்கால் கதை எனக்குப் பிடிபடவில்லை. கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றி வருகிறவருக்குக் கணுக்காலில் என்ன குறை? சப்பாத்தைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரு சோடியை வைத்துக்கொண்டே ஒரு தவணைப் பாடம் நடத்தலாம்.

முதலில் கணுக்காலைப் பார்ப்போம். தரையில் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். பாதம் ஓயாமல் ஆடும். உள்பக்கம் ஒருதரம் அழுத்தும், வெளிப்பக்கம் ஒருதரம் அழுத்தும். உடம்பின் நிறை தரையில் இறங்கும் புள்ளியைப் பாதத்தின் அகலத்துக்குள் அங்குமிங்கும் நகர்த்தித்தான் நாம் விழாமல் நிற்கிறோம். அப்படி நகர்த்த எட்டொன்பது சென்ரிமீற்றர் இடம் இருக்கிறது. ஸ்கேற்றிங் பிளேட்டின் அகலமோ ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். நகர்த்த இடமே இல்லை. நிறை அந்தக் கோட்டுக்கு நேர்மேலே இருக்கவேண்டும், கொஞ்சம் விலகினால் அந்த விலகலை யாராவது தாங்கவேண்டும்.

எவ்வளவு தாங்கவேண்டும் என்று பார்ப்போம். ஆளின் திணிவு 70 கிலோ, நிறை சுமார் 700 நியூற்றன். கணுக்கால் மூட்டு ஐஸுக்கு மேலே 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், பூட்ஸோடு சேர்ந்து கால் 4 பாகை சரிந்தாலே நிறையின் கோடு பிளேட்டிலிருந்து 1 செ.மீ. விலகிவிடும். 700 நியூற்றனை 0.01 மீற்றரால் பெருக்கினால் 7 நியூற்றன் மீற்றர். அரை மீற்றர் தடியின் ஒரு நுனியில் ஒன்றரைக் கிலோச் சாமானைத் தொங்கவிட்டு, மற்ற நுனியைக் கையால் பிடித்துத் தடியைக் கிடையாக வைத்திருப்பதற்குச் சமம் அது. ஒரு நிமிடம் முடியும். ஒரு மணித்தியாலம்? நல்ல பூட்ஸ் அந்தச் சுமையைத் தன் பக்கச்சுவரில் வாங்கிக்கொள்ளும். மெத்தென்ற பூட்ஸ் காலோடு சேர்ந்து தானும் மடங்கும். அளவு பெரிதென்றால் இன்னும் மோசம், ஏனென்றால் சுவர் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் காலுக்கும் அதற்கும் நடுவில் வெற்றிடம். மடிந்தது சப்பாத்து. பழி விழுந்தது கணுக்கால்மேல்.

இன்னொன்று. பெரியவர்களுக்கென்று தனிக்கணக்கு உண்டு. முப்பது கிலோப் பிள்ளையும் எழுபது கிலோத் தாயும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஆனால் பூட்ஸ் தாங்கும் சுமை இரட்டிப்புக்கும் மேல். அதனால் 'தொடக்கநிலை' என்று எழுதியிருக்கிற பூட்ஸில் பிள்ளைக்குப் போதுமானது தாய்க்குப் போதாது, ஒருபடி விறைப்பானது வேண்டும். அதற்காக இரட்டைச் சுழற்சிப் பாய்ச்சல் பாய்கிறவர்களின் பூட்ஸை வாங்கினாலும் வில்லங்கம்தான். பாய்ந்து இறங்கும்போது உடல்நிறையின் பல மடங்கு விசை காலில் விழும். அதைத் தாங்கச் செய்த பூட்ஸ் மரக்கட்டைபோல இருக்கும். தொடக்கக்காரருக்கு அதற்குள் கணுக்கால் முன்பக்கம் வளையாது. கணுக்கால் வளையாவிட்டால் முழங்காலும் மடியாது, முழங்கால் மடியாத ஸ்கேற்றிங் என்று ஒன்றில்லை. பக்கவாட்டில் விறைப்பு, முன்பக்கம் கொஞ்சம் இளக்கம், அவ்வளவுதான் வேண்டியது. கம்பனிகள் விறைப்புக்கு எண் போடுகின்றன. ஒரு கம்பனியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடமுடியாது, ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் அளவுகோலில் எழுதுகிறார்கள்.

சரி, அளவு. எண்ணை மறந்துவிட்டு மில்லிமீற்றரில் அளக்கவேண்டும். நான் மேசையிலிருந்த பழைய வினாத்தாள் ஒன்றைத் தரையில் போட்டு, பின்பக்கத்தில் அக்காவை ஏறி நிற்கச் சொன்னேன். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தோம். இருந்துகொண்டு அளந்தால் பிழைக்கும். நிறை ஏறும்போது பாதம் நீளும், அகலும். பின்னேரம் அளப்பது நல்லது, பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நம்மூர் வெயிலில் சொல்லவே வேண்டாம். அக்காவின் இடது கால் 241 மி.மீ., வலது 238. பெரிய காலுக்குத்தான் சப்பாத்து. அகலத்தையும் பெருவிரல் மூட்டுக்கு நேரே அளக்கவேண்டும். நாற்பது வயதுக் கால் பிள்ளைக் கால் போலில்லை. விரல் மூட்டுத் தள்ளியிருக்கும், வளைவு தாழ்ந்திருக்கும். நீளத்தைவிட அகலத்தில்தான் பெரியவர்கள் கூடுதலாக ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்குகிறார்கள். அப்புறம் குதிக்கால் உள்ளே மிதக்கிறது.

இப்படி அளந்து வாங்கினால் வழமையான சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறிய எண்தான் பெரும்பாலும் வரும். புதுச் சோடியைக் கட்டாமல் காலை முன்னே தள்ளி, விரல்கள் முன்சுவரில் முட்டியதும் குதிக்காலுக்குப் பின்னால் ஒரு பென்சில் போகும் இடம் இருந்தால் போதும், அதற்குமேல் வேண்டாம். நாடாவைக் கட்டி நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்சுவரை மெல்லத் தொடலாம். முழங்காலை மடித்தால் விரல்கள் பின்வாங்கவேண்டும், குதிக்கால் அசையவே கூடாது. தடித்த சொக்ஸ் எதற்கு? குளிருக்கு என்று அக்கா நினைத்திருந்தார். அது காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் போட்ட மெத்தை. பிளேட் என்ன செய்கிறது என்ற சேதி காலுக்கு வராது. மெல்லிய சொக்ஸ் ஒன்று போதும்.

நாடா கட்டுவதிலும் ஒரு முறை உண்டு. விரல்பக்கம் தளர்வு, பாதம் மேலேறி வளையும் இடத்தில் நல்ல இறுக்கம், மேல் கொக்கிகளில் மறுபடி இளக்கம். நடுவில் இறுகினால்தான் குதிக்கால் பின்னால் போய்ப் பூட்டுப்போட்டதுபோல் இருக்கும். மேலேயும் இறுக்கினால் முழங்கால் மடியாது.

பூட்ஸைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கப் போகிற பெரியவர்களின் கண் பிளேட்டில்தான் நிற்கிறது. மினுங்குவதும் அதுதான், பெயர்பெற்றதும் அதுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜோன் வில்சன் என்ற பெயரில் 1696 தொடக்கம் பிளேட் செய்துவருகிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். ஆனால் தொடக்கக்காரருக்குப் பிளேட்டைத் தனியாகத் தெரிவுசெய்யும் வேலையே இல்லை. கனடாவில் ஜக்சன், அமெரிக்காவில் ரீடெல் போன்ற கம்பனிகள் தொடக்கநிலைப் பூட்ஸை அதற்கேற்ற பிளேட்டைப் பூட்டியே விற்கின்றன. பூட்ஸும் பிளேட்டும் ஒரே உறுப்பாக இருக்கவேண்டும் என்று காட்டியதில் ஜக்சன் ஹெயின்ஸ் என்ற அமெரிக்க ஸ்கேற்றிங் கலைஞருக்குப் பங்குண்டு. 1860களில் அவர் பிளேட்டைப் பூட்ஸிலேயே திருகாணியால் பூட்டிக்கொண்டு ஆடினார். அதற்குமுன் பெரும்பாலும் வாரால் சப்பாத்தில் கட்டுவதுதான், துள்ளினால் நழுவும். அக்காவின் பெரிய அளவுப் பூட்ஸ், யோசித்துப் பார்த்தால், அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போனதுதான்.

வாங்கும்போது பார்க்காவிட்டாலும் பிளேட் என்ன செய்கிறது என்று தெரிந்திருந்தால் நல்லது. மறுநாள் பெரியம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு குருநகரிலிருந்து ஒரு பாளம் ஐஸ் கொண்டுவந்து, கிணற்றடித் துவைகல்லில் வைத்தேன். மீனுக்குப் போடுகிற அதே ஐஸ்தான். பூட்ஸைக் கையில் பிடித்து, பிளேட்டை நிமிர்த்தி அழுத்தி இழுத்தால் ஐஸில் ஒரு கோடு விழவில்லை, தண்டவாளம்போல இரண்டு மெல்லிய கோடுகள். கொஞ்சம் சரித்து இழுத்தேன். ஒரே கோடு, சற்று வளைந்து போயிற்று.

பிளேட்டின் அடி தட்டையாக இல்லை என்பதுதான் சங்கதி. நடுவில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இரண்டு பக்கமும் இரண்டு விளிம்புகள். வாய்க்காலை ஒரு வட்டத்தின் துண்டாகச் சாணை பிடிக்கிறார்கள். வழமையான ஆரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அகலம் 4 என்றால் ஆழம் வெறும் 0.16 மி.மீ.; அப்பியாசக் கொப்பியின் இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்த தடிப்பு இருக்கும். அந்தச் சின்னப் பள்ளத்தால் விளிம்பின் கோணம் 90 பாகையிலிருந்து 81 ஆகிறது. கத்திக்கு அது மொட்டை. ஐஸைக் கவ்வ அது தாராளம். ஆரையைக் குறைத்தால் பள்ளம் ஆழமாகும், பிடி கூடும். கூடவே நிறுத்துவதற்காகப் பிளேட்டைப் பக்கவாட்டில் சறுக்கவிடுவது கடினமாகும். பாரமான ஆள் எப்படியும் ஐஸுக்குள் கூடுதலாக இறங்குவார் என்பதால், பெரியவர்களுக்கு ஆழம் குறைந்த வாய்க்கால்தான் பலவேளை சுகம்.

நீளவாக்கிலும் பிளேட் நேராக இல்லை, வள்ளத்தின் அடிபோல வளைந்திருக்கிறது. அந்த வளைவின் ஆரை 7 அல்லது 8 அடி. 8 அடி வளைவுள்ள பிளேட் ஐஸுக்குள் 0.1 மி.மீ. இறங்குகிறது என்று வைத்தால், தொட்டுக்கொண்டிருப்பது நாலரை சென்ரிமீற்றர்தான். மீதி இருபது சென்ரிமீற்றரும் அந்தரத்தில்! அதனால்தான் பாதத்தின் நடுவில் நிற்கிறவர் இலகுவாகத் திரும்புகிறார். முன்பக்கம் வளைவு இன்னும் கூடும், பம்பரமாய்ச் சுழல்வது அந்த இடத்தில்தான்.

இப்போது என் பாடத்துக்கு வருவோம். ஐஸ் ஏன் வழுக்குகிறது என்று கேட்டால், 'அமுக்கத்தால் உருகுநிலை குறைந்து நீர்ப்படலம் உண்டாகிறது' என்று பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் எழுதிப் புள்ளி வாங்கினேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 நியூற்றன், நாலரை சென்ரிமீற்றர் நீளம், 4 மி.மீ. அகலம்: அமுக்கம் ஏறத்தாழ 40 வளிமண்டலம். ஒரு வளிமண்டலத்துக்கு உருகுநிலை குறைவது 0.0074 பாகை. ஆக மொத்தம் 0.3 பாகை! ஸ்கேற்றிங் அரங்கின் ஐஸ் கழித்தல் மூன்று, நாலு பாகையில் இருக்கும். சரிந்து, ஒற்றை விளிம்பின் அரை மில்லிமீற்றரில் நின்றாலும் இரண்டரைப் பாகையைத் தாண்டாது. கனடாவில் கழித்தல் இருபதிலும் உறைந்த குளத்தில் ஓடுகிறார்கள். அந்த விளக்கம் அங்கே எடுபடாது.

1850இல் மைக்கேல் ஃபரடே வேறொன்று சொன்னார்: அமுக்கமே இல்லாமலும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படை ஒன்று இருக்கிறது என்று. வெளிப்புறத்து மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஆளில்லை, ஆகவே அவை உள்ளே உள்ளவைபோல ஒழுங்காக அடங்கியிருப்பதில்லை. 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வழுக்கும்போது உராய்வில் பிறக்கும் வெப்பமே பெரும்பங்கு என்று பரிசோதனையில் காட்டினார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் உராய்வுக் குணகத்தை 0.005 அளவுக்குக் கொண்டுவருகின்றன. 70 கிலோ ஆளை முன்னே செல்லவிடாமல் பிடிக்கிற விசை மூன்றரை நியூற்றன். ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் நிறை!

முன்னே போக மாம்பழம் அளவு தடை, பக்கவாட்டில் மதில்போலத் தடை. இந்த இரண்டும் ஒரே உருக்கில் ஒரே நேரத்தில் இருப்பதுதான் ஸ்கேற். வட ஐரோப்பாவில் ஆதிக் காலத்தில் மாட்டெலும்பையும் குதிரையெலும்பையும் காலில் கட்டி வழுக்கினார்கள். எலும்புக்கு விளிம்பில்லை, காலால் உந்தமுடியாது. தடியால் ஐஸைக் குத்தித்தான் போனார்கள். விளிம்புள்ள உலோகம் வந்த பிறகுதான் தடியைக் கீழே போட்டார்கள்.

மொட்டைப் பிளேட்டோடு ஐஸில் இறங்குகிறவர், இந்தக் கணக்கில், எலும்பைக் கட்டிய ஆள்தான், அதுவும் தடியில்லாமல். அக்காவின் முதல் சோடிக்கு அதுவும் நடந்திருக்கிறது. புதுப் பிளேட் பலவேளைகளில் சாணை பிடிக்காமலே கைக்கு வரும், கடைக்காரர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. சோதிப்பது இலகு. நகத்தின் மேற்பரப்பை விளிம்பில் மெல்லக் குறுக்கே இழுத்தால் வெள்ளைத் துருவல் வரவேண்டும். அடிமட்டத்தைப் பிளேட்டின் குறுக்கே வைத்துப் பார்த்தால் இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்; ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சாணை பிடித்தவர் பிழைவிட்டிருக்கிறார். இருபது முதல் நாற்பது மணித்தியால ஓட்டத்துக்கு ஒருதரம் சாணை. ஹொக்கி ஸ்கேற் மட்டும் பழகிய கையில் கொடுக்கக்கூடாது. அதற்கு முன்பல் இல்லை. பழக்கதோசத்தில் இதன் பல்லையும் வளைவையும் சேர்த்து ராவிவிட்டால் பிளேட் போச்சு.

முன்பல்லைச் சொல்ல மறந்துவிட்டேன். பிளேட்டின் முன்நுனியில் ரம்பம்போல நிற்கும் பற்கள். பாயவும் சுழலவும் உதவுபவை. தொடக்கக்காரரைத் தடக்கி விழுத்துபவையும் அவைதான். பிரேக் என்று நினைத்து ஊன்றினால் முகம் அடிபட விழலாம். நிறுத்த உள்விளிம்பால் ஐஸைச் சுரண்டவேண்டும்.

பழைய சோடி வாங்குவது பற்றியும் கேட்டார் அக்கா, ஒரு சிநேகிதிக்காக. கணுக்கால் மடிப்பில் தோல் ஆழமாகச் சுருங்கி, கையால் அமத்தினால் பொத்தென்று மடிந்தால் அந்தப் பூட்ஸ் செத்துவிட்டது, மலிவென்றாலும் வேண்டாம். பிளேட்டில் சாணை பிடிக்க இன்னும் எவ்வளவு உருக்கு மிச்சம் என்றும் பார்க்கவேண்டும். இருக்கிற காசைப் பூட்ஸின் பொருத்தத்திலும் நல்ல சாணைக்காரரிலும் செலவழித்தால் பிளேட்டின் பெயர் என்னவாக இருந்தாலும் நாலைந்து வருடத்துக்குக் கவலையில்லை.

மூன்றாம் கிழமை இரண்டு சம்பவம். ஒன்று, பூட்ஸில் வியர்வை மணக்கிறது என்று பெரியம்மா அதைத் தூக்கி முற்றத்து வெயிலில், ஒடியல் காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அக்கா கத்திக்கொண்டு ஓடினார். இந்தப் பூட்ஸை 80 பாகையளவில் சூடாக்கி, இளகியதும் காலில் போட்டுக் கால் வடிவத்துக்கு ஆறவிடுவார்கள். கடையில் அப்படிச் செய்து கொடுத்திருந்தார்கள். ஆளில்லாத பூட்ஸை வெயில் சுட்டால் அது எந்த வடிவத்துக்கு ஆறும்? நிழலில், நாக்கை வெளியே இழுத்துவிட்டுக் காற்றில் உலரவிடுவதுதான் முறை.

இரண்டாவது, துரு. பிளாஸ்டிக் உறையைக் கழற்றியபோது இரண்டு விளிம்பிலும் மண்ணிறக் கோடு. பிளேட்டின் பக்கங்களுக்குக் குரோமியம் பூசியிருக்கிறது. சாணை பிடிக்கிற அடிப்பகுதியில் பூச்சில்லை, வெறும் காபன் உருக்கு. கிணற்றடி ஐஸ் விளையாட்டின் ஈரம் உறைக்குள் அடைபட்டதும் யாழ்ப்பாணத்து உப்புக் காற்று சேர்ந்ததும் போதுமாயிற்று. நடக்க மட்டும்தான் பிளாஸ்டிக் உறை. வைக்கும்போது துடைத்து, துணியுறை போடவேண்டும். தெரிந்திருந்தும் இரண்டு பேரும் செய்யவில்லை. பெரியம்மாவின் தையல் மெசின் எண்ணெயைப் பழைய வேட்டித் துண்டில் தொட்டுத் துடைத்தேன், மேலால் இருந்தது போயிற்று.

"தெருவிலை சாணை பிடிக்கிறவர் வருவார், குடுப்பமோ?" என்றார் பெரியம்மா.

"ஐயோ அம்மா, வேண்டாம்!"

தேருக்கு மறுநாள் தீர்த்தம் முடிந்து அக்கா வெளிக்கிட்டார். விறாந்தையில் இப்போது டக் டக் இல்லை. அக்காவின் கால் வரைந்த வினாத்தாள் என் மேசையில் கிடக்கிறது. அதன் மற்றப் பக்கத்தில், பத்தாம் கேள்வி, ஐஸ் ஏன் வழுக்குகிறது என்றுதான் கேட்கிறது.